மைக் இல்லாமல் ஒரு மணி நேரம்

வீட்டில் பல்பு மாட்டக்கூட என்னை ஸ்டூலில் ஏற்றிவிட்டு, "பாத்தும்மா, ஷாக் அடிச்சிரும்" என்று வாசற்படியில் நின்று கத்துகிற என் அருமை அண்ணே,

நலமா என்று உங்களைக் கேட்பது பைத்தியக்காரத்தனம். ஆனாலும் கேட்கிறேன். நீங்கள் போயிருக்கிற இடத்தில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் உண்டா? இருக்கக் கூடாது என்று உங்களுக்காகச் சாமியிடம் தனியாக ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறேன்.

கே.கே. நகர் வீட்டில் இப்போது நானும் உங்கள் ரேடியோவும்தான். பக்கத்துக் காலி மனையில் ஒரு பல் டாக்டர் கிளினிக் கட்டிவிட்டார். எதிர் வீட்டுக்கு டி.வி. வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாதித் தெரு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என்னைத் தலைமையாசிரியை ஆக்கிவிட்டார்கள். இதைக் கேட்டால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், "அப்ப நீயும் இனி மேடையில பேசுவியே" என்று பயப்படுகிற ஆள் நீங்கள்.

இதெல்லாம் சும்மா சொன்னேன். விஷயம் வேறு. நம் இசைச் சங்கம் உங்களுக்கு நினைவு விழா எடுக்கிறது. ஆமாம் அண்ணே, உங்களை வெளியே போகச் சொன்ன அதே சங்கம்தான். அழைப்பிதழ் வழவழப்பான தாளில் வந்திருக்கிறது. ஒன்பது பேர் பேசுகிறார்கள். கடைசியில், பூ வேலை செய்த கோட்டுக்கு அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி: "இசை நிகழ்ச்சி (நேரமிருப்பின்)."

நேரமிருப்பின்! இசைக்காக ஒரு சங்கம், இசைக்காகவே வாழ்ந்த ஒரு மனிதருக்கு விழா, அதில் நேரமிருந்தால் இசை. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூடவே அந்த யுகோஸ்லாவியாக்காரர்களின் நினைப்பும் வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நீங்கள் முழுக்க அறிந்த கதையை உங்களுக்கே ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். மற்றவர்களும் ஒட்டுக் கேட்கட்டும்.

அப்போது நீங்கள் சங்கத்துச் செயலாளர். மில் ஆபீசில் பகல் முழுக்கக் கணக்கெழுதிவிட்டு, சாயங்காலம் சங்கத்துக்காக சைக்கிள் மிதிப்பீர்கள். தலைவர், பரவையில் ரைஸ்மில் வைத்திருக்கிற பெரிய மனிதர். அவருக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. மைக் தெரியும். மைக்கைப் பார்த்தால் அவர் முகத்தில் வரும் களை, பெற்ற பிள்ளையைப் பார்த்தாலும் வராது.

அந்த யுகோஸ்லாவிய இசைக் குழுவை அரசாங்கம் ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தது. மதுரையில் ஒரு சாயங்காலம், அன்று இரவே மெட்ராஸ் ரயில். பத்துப் பேர், அதில் மூன்று பேர் பெண்கள். எல்லாம் நரம்பு வாத்தியம். பேர் என்னவோ நம் தம்புரா மாதிரித்தான் ஒலிக்கிறது, ஆனால் சுருதிக்கு மட்டும் மீட்டுவது இல்லை, பாட்டே அதில்தான். மாண்டலின் அளவில் ஒன்று, அதைவிடப் பெரிதாக ஒன்று, அப்படியே போய்க் கடைசியில் ஆள் உயரத்துக்கு ஒன்று, அதை நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும்.

அவர்கள் யுகோஸ்லாவியாவில் குரோவாசியா என்கிற பகுதிக்காரர்கள். இதை அவர்கள் எல்லோரிடமும் சொன்னார்கள், பாவம். சங்கத்து வாசலில் தொங்கிய துணியில் என்ன எழுதியிருந்தது என்று நினைவிருக்கிறதா? "ரஷ்ய நாட்டு இசைக் குழுவினரே வருக வருக!"

"தலைவரே, இவங்க ரஷ்யா இல்ல" என்று நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்.

"எல்லாம் அங்கிட்டுத்தானய்யா இருக்கு? துணி எழுதியாச்சு. விடுங்க."

விட்டுவிட்டீர்கள். விட்டுக் கொடுப்பதில் உங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கூட வந்த பெண்களுக்குத் துணையாக என்னைப் பிடித்துப் போட்டீர்கள். இங்கிலீஷ் டீச்சர் தங்கையாக இருந்தால் இதுதான் வம்பு. காலையில் அவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அதில் அனா என்ற பெண், சாயங்காலம் போட்டுக்கொள்ளப் போகிற நகையை லாட்ஜில் எடுத்துக் காட்டினாள். அசல் காசுமாலை, அண்ணே. காசுகளை அடுக்கி, மார்பு நிறைய. அவர்கள் ஊரும் சமவெளிதானாம், கண்ணுக்கெட்டின மட்டும் சோளக்காடாம். நான் மேற்கே கையைக் காட்டி, எங்கள் சொந்தக்காரர்கள் காடும் அப்படித்தான் என்றேன். அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

மத்தியானம் லாட்ஜில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, குழுத் தலைவர் இவான் உங்களிடம் ஒன்று கேட்டார். முரட்டு மீசை, சாதுவான கண். ஒரு ஊரில் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து, விருந்தாளிகள் சாப்பிட்டு முடிக்கிறவரை வாசிக்கச் சொன்னார்களாம். இன்னொரு ஊரில் ஜவுளிக் கடைத் திறப்பு விழாவில் வாசிக்க விட்டார்களாம். மற்றொரு ஊரில் சினிமாப் பாட்டு மெட்டு ஒன்றைக் கற்றுக்கொடுத்து, அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். "எங்கள் பாட்டை எங்களை முழுதாக வாசிக்க விட்ட ஊர் இந்தப் பயணத்தில் ஒன்றுகூட இல்லை. இதுதான் கடைசிக்கு முந்தின ஊர். ஒரு மணி நேரம் போதும்" என்றார். கெஞ்சவில்லை, சலித்துப்போய்ச் சொன்னார்.

நீங்கள் உடனே நெஞ்சில் கை வைத்து, உங்களுக்கு மிகவும் பிடித்த அந்த இங்கிலீஷில், "இன் மதுரை, யூ ஹேவ் மை வேர்ட்" என்றீர்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. யாரை நம்பி வாக்குக் கொடுத்தீர்கள், அண்ணே? அந்தத் தலைவரையா?

ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக வெயில் தாழாத நேரத்திலேயே விழா வைத்திருந்தீர்கள். பள்ளிக்கூடத்துக் கலையரங்கம், பங்குனி மாசத்துப் புழுக்கம். பத்துப் பேரும் பூ வேலை செய்த முரட்டுத் துணியுடுப்பில், மடியில் வாத்தியத்தோடு, மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் வராமல் குத்துவிளக்கு ஏற்றக் கூடாது. அவர் வந்தார், விளக்கேற்றினார், உடனே பேச்சு தொடங்கியது.

அந்தப் பேச்சுகளை எல்லாம் நான் மறக்க முயற்சி செய்து தோற்றுவிட்டேன். ஒருவர் தன்னுடைய சிங்கப்பூர்ப் பயணத்தைச் சொன்னார். அங்கே சாலையில் எச்சில் துப்ப முடியாதாம். இன்னொருவர் மடிப்புக் காகிதத்தை விரித்து, ரஷ்யப் பனியே, இசைக் கனியே என்று ஒரு கவிதை வாசித்தார். மூன்றாமவர், உலக இசையெல்லாம் நம்மிடமிருந்துதான் போனது என்று நிரூபித்துவிட்டு, பின்னால் வாத்தியத்தோடு உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய் அமர்ந்தார். அந்தப் பத்துப் பேரும் ஒவ்வொரு பேச்சுக்கும் சிரித்த முகமாகக் கை தட்டினார்கள். நாகரிகம் தெரிந்தவர்களாக இருப்பதும் ஒரு கஷ்டம்தான்.

பிறகு பொன்னாடை. ஒவ்வொரு நன்கொடையாளரும் சொந்தமாக ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். அப்போதுதானே மைக்கில் அவரவர் பேரைச் சொல்வார்கள்? ஒருவர் போர்த்திய ஆளுக்கே அடுத்தவரும் போர்த்தினார். இவானின் தலை மட்டும் ஜரிகைக்கு மேலே தெரிந்தது. அனாவின் முகம் செக்கச் சிவந்து, வேர்வை காசுமாலைமேல் சொட்டியது. மேஜை விசிறிக் காற்றில் நரம்புகள் சுருதி விலக, அவர்கள் போர்வைக்குள் கையை விட்டுத் திருகித் திருகிச் சரி பண்ணிக்கொண்டே இருந்தார்கள். உங்களுக்கும் ஒன்று போர்த்தினார்கள்.

சாயங்காலம் பாதி போய்விட்டது. தலைவர் அப்போதுதான் எழுந்து வந்து மைக்கை வாய் உயரத்துக்கு ஏற்றினார். அவர் பேச ஆரம்பித்தால் எங்கே நிற்கும் என்று அவருக்கே தெரியாது. இவான் உங்களைப் பார்த்தார். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் உங்களை எனக்குப் பிடிக்கவே இல்லை. பேசியவர்களைவிட உங்கள்மேல்தான் எனக்கு அதிக வெறுப்பு வந்தது. இப்படித் தரையைப் பார்ப்பதற்கா நெஞ்சில் கை வைத்தீர்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் எழுந்து மேடையை விட்டு இறங்கினீர்கள். பெண்கள் பக்கமாக நடந்து, என்னைத் தாண்டி, வராந்தாவுக்குப் போனீர்கள். பாத்ரூம் போகிறீர்கள் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், மீட்டர் பெட்டி முன்னால் நிற்கிறீர்கள். தோளில் கிடந்த பொன்னாடையை வலது கையில் சுற்றுகிறீர்கள். சுற்றிக்கொண்டே இருக்கிறீர்கள், பானை மாதிரி ஆகிவிட்டது கை. அப்புறம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பியூஸ் கட்டையைப் பிடுங்கினீர்கள்.

"இசை என்பது யாதெனில்" என்பதோடு தலைவர் அணைந்துபோனார்.

மின்விசிறிகள் மெல்ல நின்றன. "கரண்டு போச்சுடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தலைவர் மைக்கைத் தட்டினார், ஊதினார், "ஹலோ, ஹலோ" என்றார். அது பேசவில்லை, அதனால் அவரும் பேசவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் ஒன்று தெரிந்தது. மைக் இல்லாமல் பேச அந்தப் பேச்சாளர்களில் ஒருவருக்கும் வராது. தொண்டை இருந்தது, ஆட்கள் எதிரே இருந்தார்கள், பகல் வெளிச்சம் ஜன்னல் நிறைய வந்தது. ஆனாலும் வேட்டி அவிழ்ந்தவர்கள் மாதிரி அவசரமாக நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

நீங்கள் திரும்பி வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. நேரே இவானிடம் போய், "ப்ளே. ப்ளே நவ்" என்றீர்கள்.

"மைக் இல்லையே?" என்று அவர் கேட்டார்.

"நோ மைக், நோ ஸ்பீச்" என்றீர்கள். அண்ணே, நீங்கள் பேசியதிலேயே உருப்படியான இங்கிலீஷ் அதுதான்.

அவருக்குப் புரிந்துவிட்டது. மீசைக்கடியில் சிரிப்பை அடக்கினார். பத்துப் பேரும் பொன்னாடைகளைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, ஒரு நாற்காலியில் குவித்தார்கள். வாசிக்க ஆரம்பித்தார்கள்.

அதை எனக்கு எழுதத் தெரியாது. விசிறிச் சத்தம் நின்றுபோயிருந்ததால் அந்த மண்டபம் முதல்முறையாக நிசப்தமாக இருந்தது. சின்ன வாத்தியங்கள் நடுங்கி நடுங்கிப் போக, அந்த ஆள் உயர வாத்தியம் அடியில் நின்று தாங்கியது. அனா எழுந்து ஒன்று பாடினாள். ஒரு வார்த்தை புரியவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று இன்றுவரை தெரியாது. பின் வரிசை ஆட்கள் சரியாகக் கேட்கவில்லை என்று எழுந்து வந்து, மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

நம் ஜனங்களை ஒரேயடியாகப் புகழவும் மாட்டேன். காற்று இல்லை என்று கால்வாசிப் பேர் எழுந்து போனார்கள். மிச்சமிருந்தவர்களில் சிலர் வழக்கம்போலத் துண்டுச் சீட்டில் விருப்பப் பாடல் எழுதி மேடைக்கு அனுப்பினார்கள். "ஒரு தத்துவப் பாடல் வாசிக்கவும்." "மாப்பிள்ளை அழைப்புப் பாட்டு ஒன்று." இவான் ஒவ்வொரு சீட்டையும் இரண்டு கையாலும் வாங்கி, வாழ்த்து என்று நினைத்துக் குனிந்து வணங்கி, இடுப்புப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். அதையும் ரயிலேற்றிக் கொண்டுபோயிருப்பார்.

தலைவர் வராந்தாவில் நின்று அழைப்பிதழால் விசிறிக்கொண்டே மின்சார ஆபீசைத் திட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டடி தள்ளித்தான் மீட்டர் பெட்டி. திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மதுரையில் கரண்டு போனால் போனதுதானே, யார் போய்ப் பெட்டியைப் பார்க்கிறார்கள்?

ஒரு மணி நேரம் முழுதாக வாசித்தார்கள். இருட்டு இறங்குகிற நேரத்தில் முடித்தார்கள். நன்றியுரை இல்லாமல் முடிந்த ஒரே விழா நம் சங்கத்தின் வரலாற்றில் அதுதான். இவான் உங்களைக் கட்டிப் பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டார், நீங்கள் வெட்கத்தில் செருப்பைத் தவறவிட்டீர்கள். அதோடு போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்?

அடுத்த வாரக் கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். தலைவர் உரை நிகழ்த்தும்போது கரண்டை நிறுத்தி அவமானப்படுத்திய லைன்மேனை வேறு ஊருக்கு மாற்ற வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதுவது. யாரென்றே தெரியாத லைன்மேன். எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள். இதை உங்கள் வாயால் கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அவர்மேல எழுதாதீக. பியூஸைப் புடுங்குனது நான்தேன்" என்று எழுந்து நின்றீர்களாம்.

"செயலாளரே, வெளையாடாதீரும்."

"வெளையாடல தலைவரே. அவுங்களுக்கு ஒரு மணி நேரம் தாறேன்னு சொல்லியிருந்தேன். நீங்க விடுறாப்புல தெரியல."

"அம்புட்டுப் பேர் முன்னாடி என் பேச்ச நிறுத்துறதுக்கு உமக்கு எம்புட்டுத் தைரியம்?"

அவ்வளவுதான். கரண்டு போனதைப் பொறுத்துக்கொண்டவர்கள், போக்கியது நீங்கள் என்றதும் பொங்கிவிட்டார்கள். செயலாளர் பதவி போனது, உறுப்பினர் சீட்டும் போனது. அந்தக் கமிட்டியில் இருந்த எத்தனை பேர் மறுநாளே தெருவில் என்னை நிறுத்தி, "டீச்சர், என்னா வாசிப்பு! இப்பிடிக் கேட்டதே இல்ல" என்றார்கள் தெரியுமா? கூட்டத்தில் ஒரு ஆண்பிள்ளைக்கும் வாய் வரவில்லை. மைக் கொடுத்திருந்தால் பேசியிருப்பார்களோ என்னவோ.

நீங்கள் வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு, "போகட்டும்மா. வாசிச்சாங்கள்ல" என்றீர்கள். ஆனால் நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? எத்தனை வருஷம், சாயங்காலம் கச்சேரி நேரம் வந்ததும் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கும் போகாமல் ரேடியோ பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள். உங்களிடமிருந்து அவர்கள் பிடுங்கியது பதவியை இல்லை. அதற்காக அவர்களை நான் மன்னிக்கவே மாட்டேன். நீங்கள் மன்னித்திருப்பீர்கள், அது உங்கள் சாமர்த்தியக் குறைவு.

போன வாரம் தலைவர் காரில் வந்து இறங்கினார். கூட இரண்டு பேர், ஒரு சீப்பு வாழைப்பழம். நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஈரம் ஏதும் இல்லை.

"டீச்சர், படத்திறப்பு வைக்கிறோம். நல்ல போட்டோவா ஒண்ணு குடுங்க. பெருசாக்கி மாலை போட்டு, நானே என் கையால தெறக்குறேன்."

"அவர வெளிய போகச் சொன்னது நீங்கதான?"

"அது அப்ப. இப்பத்தேன் அவரே போயிட்டாரே, இனி என்னா சண்டை?"

பொறுத்துக்கொண்டேன், அண்ணே. பொறுத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "பாட்டை மொதல்ல வச்சிருவோம். பேச்ச அப்புறம் வச்சுக்கிறலாம்."

"அதெப்பிடி டீச்சர்? பாட்டு முடிஞ்சா சனம் எந்திரிச்சுப் போயிருமே. பேசுறவுக வருத்தப்படுவாக. செத்த மனுசனுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"போட்டோ இருக்கு. தர மாட்டேன்."

"என்னா டீச்சர் இப்பிடிச் சொல்றீக? படம் இல்லாம நான் எதைத் தெறக்குறது?"

"வாயத் தெறக்கத்தான வாரீக. அது போதும்."

வாழைப்பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கார்க் கதவைச் சாத்திய சத்தத்தில் பல் டாக்டரே வெளியே வந்து பார்த்தார்.

உங்கள் படத்துக்கு நேற்று ஆணி அடித்தேன். ஸ்டூலில் நானேதான் ஏறினேன், வாசற்படியில் நின்று கத்த ஆளில்லை. விழா அன்று அதே நேரத்துக்கு நம் வீட்டுக் கூடத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சரோஜா டீச்சர் வயலின் வாசிக்கிறார். அழைப்பிதழ் கிடையாது, மாலை கிடையாது, பொன்னாடை கிடையாது. இதைப் படிக்கிற யார் வேண்டுமானாலும் வரலாம். தலைவரே மனம் மாறி வந்தாலும் பாய் போடுகிறேன், உட்கார்ந்து கேட்கட்டும்.

ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன், அண்ணே. என் மூச்சு இருக்கிறவரை உங்கள் படத்துக்கு முன்னால் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். நான் உட்பட.

இதுவரை பேசியதோடு பேச்சை நிறுத்திக்கொள்ளும்
உங்கள் தங்கச்சி
தனபாக்கியம்